பிறை பார்க்காமல் எடுத்த பெருநாள்

ஜூலை மாதம் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால், எங்கள் வீட்டில் ஒரு கதையும் தொடங்கிவிடும்.

"இந்த வருசம் சரி மின்னேரியாவுக்குப் போகணும்" என்பார் மூத்தாப்பா.

"போவோம், இன்ஷா அல்லாஹ்" என்பார் வாப்பா.

ஒக்டோபரில் மழை வந்துவிடும். கதை அடுத்த ஜூலைக்குத் தள்ளிப் போய்விடும்.

மூத்தாப்பா முப்பது வருடங்கள் லொறி ஓட்டியவர். பொலன்னறுவைப் பக்கத்து ஆலைகளில் அரிசி ஏற்றிவந்து பதுளை, பசறை, லுணுகலைக் கடைகளில் இறக்குவதுதான் அவருடைய தொழில். தோட்டங்களில் சம்பளம் போடும் நாளுக்கு முன்னர் அரிசி கடைக்கு வந்து சேர வேண்டும். அதனால் வழியில் நின்று வேடிக்கை பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஒரேயொரு மாலை மட்டும் முகம் கழுவுவதற்காக மின்னேரியாக் குளத்தின் ஓரம் லொறியை நிறுத்தியிருக்கிறார். பாதி வற்றிய குளத்தின் நடுவே கறுப்புக் கறுப்பாகப் பாறைகள் தெரிந்தனவாம். போன கிழமை இந்தப் பாறைகள் இருக்கவில்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, ஒரு பாறை காதை ஆட்டியதாம்.

"நூத்திப் பதினாறு வரைக்கும் எண்ணினேன். அதுக்குப் பிறகு இருட்டிட்டு" என்று அவர் சொல்லி முடிப்பார். இந்தக் கதையை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் ஒருபோதும் மாறியதில்லை.

அவர் பார்த்த காட்சியை இன்று உலகமே அறியும். ஆசிய யானைகள் ஓரிடத்தில் மிக அதிகமாக ஒன்றுகூடுவது மின்னேரியாவில்தான் என்று சொல்லப்படுகிறது. ஜூலை முதல் ஒக்டோபர் வரையான காலத்தில், நல்ல வருடமொன்றில் இருநூறு, முன்னூறு யானைகளைக்கூட ஒரே மாலையில் காணலாம். வெளிநாட்டவர்கள் அதற்காகவே விமானம் ஏறி வருகிறார்கள். பதுளையிலிருந்து அரை நாள் பயணத் தூரத்தில் இருக்கும் எங்களுக்கோ, அது கிடைக்காமலே போய்க்கொண்டிருந்தது.

காரணங்கள் இல்லாமல் இல்லை. நான் ஆறாம் வகுப்பில் இருந்த 2019ஆம் ஆண்டு, ஏப்ரலில் நடந்தவற்றுக்குப் பிறகு, குடும்பமாகத் தூரப் பயணம் போகும் மனநிலை எங்களில் யாருக்கும் இருக்கவில்லை. 2020இல் கொரோனா. 2021 ஆகஸ்டில் மீண்டும் நாடு மூடப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசை. அந்த வருடம் எங்கள் வான் வீட்டு முற்றத்திலேயே நின்றது. அதன் பிறகு நானாவின் பரீட்சை, என்னுடைய சாதாரண தரப் பரீட்சை என்று வருடங்கள் போயின.

இதற்கிடையில் மூத்தாப்பாவின் கண்ணில் குளுக்கோமா என்று வைத்தியர் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதாகும் நோய் அது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே மருந்து. "குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி இருக்கு" என்று மூத்தாப்பா ஒரு நாள் உம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் மின்னேரியாக் கதையைச் சொல்லும்போது என்னால் சிரிக்க முடியவில்லை.

"இந்த வருடம் கட்டாயம் போகிறோம். திகதி நீ பாரு" என்று வாப்பா என்னிடம் சொன்னார். உயர்தரத்தில் புவியியல் படிப்பவள் என்பதால் எனக்குத் தரப்பட்ட பொறுப்பு அது.

திகதி பார்ப்பது இலகுவான வேலையாக இருக்கவில்லை. எங்களைப் போன்ற முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது நோன்பு மாதத்தில். அண்மைய வருடங்களில் நோன்பு பெப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டியே வருகிறது. அப்போது மின்னேரியாக் குளம் நிறைந்திருக்கும். ஆகஸ்டில் கிடைப்பது சில நாட்கள்தான். அதிலும் டியூசன் இல்லாத நாள், வாப்பாவின் கடைக்குச் சாமான் வராத நாள், மூத்தாப்பா கிளினிக் போகத் தேவையில்லாத நாள் என்று கழித்துக்கொண்டு வந்தால் ஒரேயொரு செவ்வாய்க்கிழமைதான் மிஞ்சியது. தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். யானைகளைப் பார்க்கச் சிறந்த காலம் ஆகஸ்ட், செப்டெம்பர் என்றே எல்லா இடத்திலும் இருந்தது. சமையலறைக் கலண்டரில் அந்தச் செவ்வாயைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன்.

"தண்ணி எப்படியாம்?" என்று மூத்தாப்பா கேட்டார்.

"ஆகஸ்ட்தானே மூத்தாப்பா. யானை வரும் மாதம் அதுதான்."

"மாசத்தைக் கேக்காதீங்க மகள். தண்ணியக் கேளுங்க."

யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வட்டமிட்டதோடு விட்டுவிட்டேன்.

ஸுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வாப்பா, உம்மா, மூத்தாப்பா, நானா, தங்கச்சி, நான். உம்மா இடியப்பமும் சம்பலும் கட்டியெடுத்திருந்தார். பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பாதையில் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. பிறகு கிராந்துருகோட்டை, மனம்பிட்டி. மூத்தாப்பா முன் இருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு சந்தியையும் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணால் பார்த்துச் சொல்கிறாரா, ஞாபகத்தால் சொல்கிறாரா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கதுருவெலப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, மூன்று மணிக்கு அம்பகஸ்வெவ நுழைவாயிலில் ஜீப் ஏறினோம். வெயில் தணிந்த பிறகுதான் யானைகள் காட்டை விட்டு வெளியே வரும் என்பதால் பின்னேரப் பயணமே நல்லது என்றார்கள்.

காட்டுப் பாதையில் அரை மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போய் வெளியில் வந்ததும் குளம் தெரிந்தது. கடல் போல இருந்தது. கரையோரத்து மரங்களின் அடியில் அலை அடித்துக்கொண்டிருந்தது. நீர்க்காகங்கள் வரிசையாக இருந்தன. புல்வெளி என்று எதுவும் இல்லை. தூரத்து மறுகரையில் சாம்பல் நிறப் புள்ளிகள் சில. நானா எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றான்.

"எங்க?" என்றார் மூத்தாப்பா.

நான் அவருடைய தலையை மெதுவாகப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினேன். கையை நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் தேடினார். "ம்ம், தெரியுது தெரியுது" என்றார். அவருக்குத் தெரியவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ஜீப் ஓட்டி வந்தவர் சிங்கள இளைஞர் ஒருவர். மூத்தாப்பாவை 'மாமே' என்றழைத்து, ஏன் இப்படி என்று பொறுமையாக விளக்கினார். அன்று அவர் சொன்னவற்றையும், பிறகு நான் தேடி வாசித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். போவதற்கு முன்னர் நான் அறிந்திருக்க வேண்டியவை இவை.

மின்னேரியா இயற்கையான ஏரி அல்ல. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் மகாசேன மன்னன் கட்டுவித்த குளம் அது. அம்பன் கங்கையின் நீர் எலஹெரக் கால்வாய் வழியாக அதற்கு வருகிறது. வருட இறுதியில் வரும் வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்பும். பின்னர் சிறுபோக நெல்லுக்காக மதகு திறந்து நீர் விடப்படும். கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். நீர் பின்வாங்கப் பின்வாங்க, குளத்தின் அடிநிலம் வெளியே வரும். ஈரம் காயாத அந்த மண்ணில் இளம் புல் முளைக்கும். காட்டுக்குள் எல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் பச்சைப் புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். ஒரு நாளைக்கு 150 கிலோ வரை உண்ணும் யானைக்கு அது பெரிய விருந்து. அதனால்தான் சுற்றுக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகின்றன. வந்த இடத்தில் குட்டிகள் விளையாடுகின்றன. கொம்பன்கள் துணை தேடுகின்றன. மழை வந்து குளம் நிரம்பியதும் கூட்டம் கலைந்துவிடும்.

இதை இடப்பெயர்வு என்று சொல்வதும் முழுக்கச் சரியல்ல. ஆபிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட் விலங்குகள் மழையையும் புல்லையும் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் சுற்றி வருகின்றன. எங்கள் நாட்டு யானைகள் அப்படியல்ல. ஆய்வாளர் பிரித்விராஜ் பெர்னாண்டோ போன்றவர்கள் கழுத்தில் கருவி பூட்டிப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒவ்வொரு யானையும் தனக்கென்றுள்ள எல்லைக்குள்ளேயே வாழ்கிறது என்பது தெரியவந்தது. குளம் வற்றும் காலத்தில் வந்து கூடுவதும் அவற்றின் சொந்த ஊருக்குள் நடக்கும் ஒரு நடமாட்டம்தான். ஆனால் செரங்கெட்டிக்கும் மின்னேரியாவுக்கும் ஒரு விடயம் பொது. இரண்டு இடத்திலும் திகதியைத் தீர்மானிப்பது கலண்டர் அல்ல, தண்ணீர்.

மின்னேரியாவில் அந்தத் தண்ணீரைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். 2018இல் அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் செயற்படத் தொடங்கியது. அதன் பிறகு சில வருடங்களில், வற்ற வேண்டிய காலத்திலும் மின்னேரியாவில் நீர் உயர்ந்தே நின்றதையும், புல்வெளி மூழ்கியதால் யானைகள் முன்போல் கூடாமல் போனதையும் யானை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அங்கே ஜீப்பில் இருந்தபோது இவ்வளவும் எனக்குத் தெரியாது. குளம் நிறைந்திருக்கிறது, மூத்தாப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, திகதி பார்த்தவள் நான் என்பது மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. மூத்தாப்பா எப்படியோ அதைக் கண்டுகொண்டார்.

"என்னத்துக்கு அழுறீங்க? பிறை பாக்காமப் பெருநாள் எடுத்திட்டம், அவ்வளவுதானே" என்றார்.

வாப்பா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு சரியான வார்த்தை! எங்கள் வீட்டுக் கலண்டரிலும் பெருநாள் திகதி அச்சடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த பிறகு எல்லோரும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறோம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவித்தலுக்காக வானொலிக்குப் பக்கத்தில் காத்திருக்கிறோம். பிறை தென்பட்டால்தான் பெருநாள். இல்லாவிட்டால் இன்னுமொரு நோன்பு. சிறு வயதிலிருந்தே இப்படிப் பழகிய நான், யானை விடயத்தில் மட்டும் அச்சடித்த மாதத்தை நம்பிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் சாரதி திடீரென்று ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தையும் அணைத்தார். உதட்டில் விரல் வைத்தார். பாதையோரப் புதருக்கு அப்பால் ஏதோ இருந்தது. எங்களுக்கு இலைகள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. 'சரக்' என்று ஒரு சத்தம். பிறகு 'பட், பட்' என்று இரண்டு அடி.

"புல்லைப் புடுங்கி, கால்ல அடிச்சு மண்ணைத் தட்டுது" என்று மூத்தாப்பா கிசுகிசுத்தார். "ஒண்டில்ல, ரெண்டு. சின்னதும் ஒண்டு நிக்குது."

சிறிது நேரத்தில் புதர் விலகியது. ஒரு தாய் யானை. அதன் கால்களுக்கிடையில் குட்டி. எங்களுக்கு முன்னரே அவை அவருக்குத் தெரிந்துவிட்டன. அவை பாதையைக் கடந்து காட்டுக்குள் மறையும் வரை அவர் அசையாமல் இருந்தார்.

இறங்கும்போது ஜீப் சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாப்பா வாங்கிக்கொண்டார். "தண்ணீர் இறங்கினால் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

இரவு வானில் வரும்போது நானா கோபமாகக் கதைத்தான். யானைக்கென்று விட்ட இடத்தில் ஏன் தண்ணீரைத் தேக்குகிறார்கள் என்று கேட்டான். மூத்தாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தத் தண்ணியில வெளஞ்ச நெல்லைத்தான் நான் முப்பது வருசம் ஏத்தி வந்தேன். அதைத் தின்டுதான் உங்கட வாப்பா வளந்தார். தண்ணி வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எப்ப விடுறது, எவ்வளவு விடுறது எண்டு யானையையும் நினைச்சு விடலாம்தானே."

அந்தப் பேச்சு என் மனதில் நின்றுவிட்டது. 2011இல் நடந்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் இருந்த காட்டு யானைகள் 5,879. அவற்றுக்கு உரிய காலத்தில் புல் கிடைக்காவிட்டால் அவை பசியோடு காட்டுக்குள் இருந்துவிடப் போவதில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் வரும். எங்கள் ஊவாவிலேயே மஹியங்கனை, வெல்லவாய, சியம்பலாண்டுவப் பக்கத்து மக்கள் இரவில் காவல் இருப்பதை நாங்கள் அறிவோம். யானைகள் நடமாடும் பாதைகளை நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி அதிகாலையில் ஹபரணைப் பகுதியில் பாதையைக் கடந்த கூட்டமொன்றின் மீது ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. ரயிலுக்கு நேர அட்டவணை உண்டு. யானைக்கு அது தெரியாது.

வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து ஐயா ஒருவரிடம் எங்கள் பயணத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஊவாத் தேயிலைக்கு மிக நல்ல மணம் வருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் கச்சான் காற்று அடித்து மலை காய்ந்தால்தான் கொழுந்துக்கு அந்த வாசம் ஏறும், காற்று பிந்தினால் வாசமும் பிந்தும் என்றார். குளத்தை வற்றவைக்கும் அதே காற்றுதான் எங்கள் மலையில் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. அதுவரை நான் இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

செப்டெம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை இரவு வாப்பாவுக்கு அழைப்பு வந்தது. ஜீப் சாரதிதான். மின்னேரியாவுக்கு அண்மையில் உள்ள கவுடுல்லைக் குளத்தில் தண்ணீர் இறங்கிப் புல் வந்துவிட்டது, நான்கு நாட்களாகக் கூட்டம் கூடுகிறது, நூறு இருக்கும் என்றார்.

வாப்பா என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை எனக்குத் தவணைப் பரீட்சை. மூத்தாப்பா முந்திக்கொண்டார். "சோதனை இருக்குதானே. வந்திட்டு எண்டு கேள்விப்பட்டதே போதும். அல்ஹம்துலில்லாஹ்."

போதாது என்று எனக்குத் தோன்றியது. திங்கட்கிழமைப் பரீட்சையை நான் எப்படியும் எழுதலாம். யானைகளும் அவருடைய கண்களும் எனக்காகக் காத்திருக்குமா? "சனிக்கிழமை போவோம் வாப்பா. நான் வானில் படிக்கிறேன்" என்றேன். உம்மா முகத்தைச் சுளித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு இடியப்பத்துக்கு மா வறுத்தார்.

மடியில் புவியியல் குறிப்புகளோடு அதே பாதையில் மறுபடி போனேன். மனம்பிட்டி வரை படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

கவுடுல்லையில் ஜீப் காட்டை விட்டு வெளியே வந்தபோது யாரும் யாருக்கும் கை நீட்டிக் காட்டத் தேவைப்படவில்லை. புல்வெளி முழுக்க யானைகள். சாரதி நிறுத்திய இடத்துக்கு மிகக் கிட்டவும் ஒரு கூட்டம் நின்றது. மூத்தாப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பித் திருப்பி, உதடு அசைய எண்ணத் தொடங்கினார். நாற்பத்து மூன்று வரை வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

"அங்கால தெரியல மகள். மிச்சத்த நீங்க எண்ணுங்க" என்றார்.

நாற்பத்து நான்கிலிருந்து நான் எண்ணினேன். எண்பத்தேழில் குட்டிகள் ஓடிக் கலந்துவிட்டன.